ஐந்தாண்டு அனுபவமும் ஐந்நூறு மணி நேரமும்: இந்திய மருந்தாளுநர் பதிவில் செய்முறைப் பயிற்சியின் வரலாறு

முன்னுரை

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இயற்றப்பெற்ற பார்மசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு, மருந்தாளுநர்களுக்கான முதற் பதிவேட்டில் இடம்பெறத் தகுதியுடையோர் யாவர் என்பதை நான்கு உட்பிரிவுகளில் வரையறுக்கின்றது. முதலாவது உட்பிரிவு மருந்தியலில் பட்டமோ பட்டயமோ பெற்றவர்க்கு உரியது. வேறொரு துறையில் பட்டம் பெற்று, மூன்றாண்டுகளேனும் மருந்து கலக்கும் பணியில் இருந்தவர்க்கு உரியது இரண்டாவது. அரசு ஏற்றுக்கொண்ட கம்பவுண்டர் தேர்வில் தேறியவரை மூன்றாவது உட்பிரிவு சேர்த்துக்கொள்கிறது. நம் கவனத்தை ஈர்ப்பது நான்காவதாகும். மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ, மருத்துவரின் சீட்டுக்கு முறையாக மருந்து வழங்கப்படும் வேறோர் இடத்திலோ, மொத்தம் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலக்கும் பணியில் ஈடுபட்டிருந்தவர், பதினெட்டு வயது நிரம்பியவராயின், கட்டணம் செலுத்திப் பதிவு பெறலாம். அவரிடம் பள்ளியிறுதிச் சான்றிதழ் கேட்கப்படவில்லை, தேர்வும் வைக்கப்படவில்லை. அவர் கைகள் ஐந்தாண்டுகள் செய்த வேலையே அவருடைய கல்வி என்று சட்டம் ஏற்றுக்கொண்டது.

அச்சட்டத்தின்கீழ் 1991-ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற கல்வி விதிமுறைகளை எடுத்துக்கொண்டால், பட்டயப் படிப்பு மாணவர் ஈராண்டுப் படிப்பிற்குப் பின் 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி பெறுதல் வேண்டும் என்றிருக்கக் காண்கிறோம். ஒரு காலத்தில் தனியே நின்று முழுத் தகுதியாக விளங்கிய அனுபவம், இப்போது படிப்பின் இறுதியில் ஒட்டவைக்கப்பட்ட மூன்று திங்கள் ஆயிற்று. இம்மாற்றத்தைக் கல்வியின் வளர்ச்சி என்று மட்டும் கூறிவிட்டு அப்பால் செல்வது எளிது. எனினும் சட்ட வாசகங்களை வரிசையாக வைத்துப் படிக்கும்போது நமக்கு வேறொன்று புலப்படுகின்றது. அனுபவத்தை அளக்க முற்பட்ட ஒவ்வொரு முறையும் சட்டம் காலத்தையே அளந்தது. அக்காலத்தில் கற்றது யாது என்பதை அளக்கவில்லை. ஆகவே, காலத்திற்குச் சான்று கூறிக் கையொப்பமிடுபவர் எவரோ அவர் கையிலேயே முழு ஏற்பாடும் தங்கி நின்றது. இக்கட்டுரை அக்கையொப்பத்தின் வரலாற்றைப் பற்றியது எனலாம்.

சீமைச் சட்டங்கள்

ஐந்தாண்டு என்னும் கணக்கு இந்தியாவில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் 1815-ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற அப்பாத்திகரி சட்டம், உரிமத் தேர்வுக்கு வருவோர் அப்பாத்திகரி ஒருவரிடம் ஐந்தாண்டுகள் பயிற்சி மாணவராக இருந்திருத்தல் வேண்டும் என விதித்தது. அப்பாத்திகரி எனப்பட்டவர் அக்காலத்தில் நோயைப் பார்த்து மருந்தையும் தாமே கலந்து கொடுத்தவர். கவிஞர் ஜான் கீட்ஸ் எட்மண்டனில் ஒரு மருத்துவரிடம் பயிற்சி மாணவராக இருந்து, பின்னர் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பயின்று, 1816-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இச்சட்டப்படி உரிமம் பெற்றவர். ஆங்கில இலக்கிய மாணவர் இதனை அறிந்திருப்பர். அவ்வுரிமத்தைக் கொண்டு அவர் தொழில் நடத்தவில்லை என்பது வேறு செய்தி.

மருந்துக் கடைக்காரர்கள் தனித் தொழிலினராகத் திரண்டது 1841-ஆம் ஆண்டு ஜேக்கப் பெல் முதலானோர் முயற்சியால் பார்மசூட்டிக்கல் சொசைட்டி தோன்றியபோதாகும். 1852-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு ஒரு பதிவேட்டைத் தந்தது. 1868-ஆம் ஆண்டுச் சட்டமோ பதிவு பெறாதவர் நஞ்சுப் பொருள்களை விற்பதைத் தடுத்தது. புதிய சட்டம் வரும்போது பழைய தொழிலாளர் கதி என்ன என்னும் வினா அப்போதும் எழுந்தது. அன்று கடை திறந்து சீட்டுக்கு மருந்து கலந்து வந்த உரிமையாளர்கள் தேர்வின்றிப் பதிவு பெற்றனர். அவர்தம் கடைகளில் மூன்றாண்டுகளேனும் மருந்து கலந்து வந்த உதவியாளர்களுக்கோ எளிமையாக்கப்பட்ட தேர்வு ஒன்று வைக்கப்பட்டது. கலந்தவர் உதவியாளர், கடைக்குப் பெயர் உரிமையாளருடையது. தேர்வு எழுதவேண்டியிருந்தவர் உதவியாளரே. மேல்நாட்டில் ஆய்வு மாணவராக இருந்த நாள்களில் இச்சட்டத்தை முதன்முதலாகப் படித்தபோது, இந்த வேறுபாடு நமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. 1948-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தை அதனருகே வைத்துப் படித்தபோதுதான் உறைத்தது. கடையின் உரிமையை இந்தியச் சட்டம் தகுதியாகக் கொள்ளவில்லை. மருந்து கலந்த கை எதுவோ அதனையே கேட்டது. இருபது ஆண்டுகள் மருந்துக் கடை நடத்தியும் தம் கையால் ஒரு புட்டி மருந்து கலவாத முதலாளி நான்காவது உட்பிரிவின்கீழ் வர இயலாது. அவர் கடையின் பின்புறம் நின்று கலந்தவர் வரலாம்.

கம்பவுண்டரின் வேலை

அந்தக் கையின் வேலை யாது என்பதை இன்று விளக்கிக் கூற வேண்டியுள்ளது. மாத்திரை அட்டைகளை எண்ணிக் கொடுக்கும் காலத்தில் வாழும் நமக்குக் கம்பவுண்டர் என்பவர் பழைய திரைப்படங்களின் நகைச்சுவைப் பாத்திரமாகவே அறிமுகமாகியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்திய மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவர் இல்லங்களிலும் நோயாளியின் கைக்குச் சென்ற மருந்தில் பெரும்பகுதி அங்கேயே கலக்கப்பட்டதாகும். மருத்துவர் எழுதிய சீட்டு இலத்தீன் குறுக்கங்கள் நிரம்பியது. நாளுக்கு மூன்று வேளை என்பதும், உணவுக்குப் பின் என்பதும், படுக்கைக்குச் செல்லும்முன் என்பதும் ஓரிரு எழுத்துகளில் அடங்கியிருக்கும். அளவுகளோ கிரெயின், ஸ்குரூப்பிள், டிராம், அவுன்ஸ் என்பன. இருபது கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள். மூன்று ஸ்குரூப்பிள் ஒரு டிராம். எட்டு டிராம் ஓர் அவுன்ஸ். டிராமுக்குரிய குறியும் அவுன்சுக்குரிய குறியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மேலே ஒரு சிறு சுழி மிகுந்தால் அளவு எட்டு மடங்காகிவிடும். மருத்துவரின் கையெழுத்தில் அச்சுழியைக் கண்டறியும் பழக்கம் எந்தப் பாடநூலிலும் கிடைப்பதன்று.

கலந்த மருந்து புட்டியில் ஊற்றப்பட்டபின், நீண்ட காகிதத் துண்டு ஒன்றை மடித்து ஓரத்தை வெட்டி, வேளைக்கு ஒரு பல் வீதம் அமையுமாறு விரித்து, புட்டியின் பக்கத்தில் ஒட்டுவர். எழுத்தறியாத நோயாளியும் ஒரு பல் அளவு குடித்தால் ஒரு வேளை என அறிந்துகொள்வார். இதனைக் கண்டுபிடித்தவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

செய்முறை அறிவு என்பது யாது என்பதை விளக்கப் பழைய மருந்துக் கலவைப் பாடங்களில் வழக்கமாகக் கூறப்படும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்டிரிக்னைன் கொடிய நஞ்சு. ஆயினும் மிகச் சிறிய அளவில் அக்காலத்தில் ஊட்ட மருந்தாக எழுதப்பட்டு வந்தது. ஸ்டிரிக்னைன் கரைசலோடு புரோமைடு உப்போ காரப் பொருளோ சேர்ந்தால், கரைந்திருந்த நஞ்சு சிறிது சிறிதாகப் பிரிந்து புட்டியின் அடியில் படியும். முதல் வேளைகளில் நோயாளி குடிப்பது ஏறக்குறைய வெறும் நீர். புட்டி முழுவதற்கும் உரிய நஞ்சு கடைசி வேளையில் சென்று சேரும். சீட்டில் அளவு சரியாக இருக்கும். எடை சரியாக இருக்கும். கலந்த உடனே பார்த்தால் புட்டியும் தெளிவாக இருக்கும். இவ்விரண்டையும் சேர்க்கலாகாது என்பதைப் படித்து அறியலாம். புட்டியைத் தூக்கி ஒளியில் பிடித்து அடியைப் பார்த்த பின்னரே கொடுத்தல் என்னும் பழக்கம், பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரிடமிருந்து வருவது. மருத்துவரிடம் திரும்பிச் சென்று, ஐயா இதனைச் சற்றுப் பார்க்க வேண்டும் என்று பணிவாகச் சொல்லும் முறையும் அப்படி வந்ததே.

கம்பவுண்டரைப் போற்றி எழுதுவதில் இடர் ஒன்றும் உண்டு. அவருள் தேர்ந்தவர் இருந்தது போலவே தேராதவரும் இருந்தனர். குவினைன் கலவையில் குவினைனைக் குறைத்தவர் உண்டு. சில ஆண்டுகள் மருத்துவரிடம் இருந்துவிட்டு அடுத்த ஊரில் தாமே மருத்துவராக அமர்ந்துகொண்டவரும் உண்டு. 1930-ஆம் ஆண்டு இந்திய அரசு ஆர். என். சோப்ரா தலைமையில் அமைத்த மருந்து விசாரணைக் குழு, சந்தையில் இருந்த மருந்துகளின் தரக்குறைவையும், அவற்றைக் கையாள்வோர்க்கு எவ்விதத் தகுதியும் வரையறுக்கப்படாமையையும் 1931-இல் அளித்த அறிக்கையில் வெளிப்படுத்தியது. இதன் பயனாக 1940-இல் மருந்துச் சட்டமும் அதன் விதிகள் 1945-இலும் வந்தன. தொழிலினரை ஒழுங்குபடுத்தும் சட்டம் வருவதற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் முயற்சியால் 1932-இல் தொடங்கிய மருந்தியல் கல்வி 1937-இல்தான் தனிப் பட்டப்படிப்பாக உருப்பெற்றது. பத்தாண்டு வயதுடைய ஒரு கல்வியை நம்பி ஒரு துணைக்கண்டத்தின் மருந்துக் கூடங்களைப் பூட்டிவிட இயலாது. நான்காவது உட்பிரிவின் தேவை இங்கிருந்தே எழுந்தது.

முதற் பதிவேடும் மூவர் குழுவும்

ஒவ்வொரு மாநிலத்திலும் முதற் பதிவேட்டைத் தயாரிக்க மூவர் கொண்ட பதிவுக் குழு ஒன்றை அமைக்குமாறு சட்டம் பணித்தது. குறிக்கப்பட்ட நாளுக்குள் விண்ணப்பங்கள் வந்து சேர வேண்டும். குழு அவற்றை ஆராய்ந்து தகுதியுடையோர் பெயரைச் சேர்க்க வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். ஐந்தாண்டு என்பது அந்நாளுக்கு முன்னரே நிறைவு பெற்றிருத்தல் வேண்டும். அதாவது, நான்காண்டும் பதினோரு திங்களும் கலந்தவர்க்கு இவ்வழி அடைபட்டது.

ஐந்தாண்டு கலந்தார் என்பதற்குச் சான்று எங்கிருந்து வரும்? அரசு மருத்துவமனையில் பணியாற்றியவர்க்குப் பணிப்பதிவேடு இருந்தது. தனியார் மருத்துவரிடம் பணியாற்றியவர்க்கு அப்படியொன்றும் இல்லை. பன்னிரண்டு வயதில் புட்டி கழுவச் சேர்ந்து, மெல்ல மெல்லத் தராசைத் தொட அனுமதிக்கப்பட்டவர், எந்த நாளில் கம்பவுண்டர் ஆனார் என்று எவர் கூறவல்லார்? மருத்துவர் ஒருவரே கூற இயலும். ஆகவே மருத்துவரோடு மனம் பொருந்திப் பணியாற்றியவர்க்கு ஐந்தாண்டுச் சான்று கிடைத்திருக்கும். மனம் கசந்து விலகியவர்க்கு அரிதாகியிருக்கும். இதற்கு மறுதலையாக, உறவினர்க்கும் வேண்டியவர்க்கும் கலவாத ஐந்தாண்டுகளுக்குச் சான்று எழுதிக் கொடுக்கவும் இவ்வாயில் இடம் தந்தது. சட்டத்தின் பெருந்தன்மையும் அதன் ஓட்டையும் ஒரே வாக்கியத்தில் அமைந்துவிட்டன.

இருப்பினும் நான்காவது உட்பிரிவைத் தகுதியின்மைக்கு அளித்த சலுகை என்று சிலர் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. மருந்தகமும் ஒரு பள்ளிக்கூடமே என்று இந்தியச் சட்டம் ஏற்றுக்கொண்ட அரிய தருணம் அது. அதனை நிரந்தர வழியாகச் சட்டம் கருதவில்லை என்பதும் தெளிவு. முதற் பதிவேட்டிற்குப் பின் வந்த 32-ஆம் பிரிவில் மெட்ரிகுலேஷன் தேர்ச்சி புகுந்தது. 1949-இல் அமைக்கப்பெற்ற இந்திய பார்மசி கவுன்சில் 1953-இல் முதற் கல்வி விதிமுறைகளை வெளியிட்டது. அவ்விதிமுறைகள் ஒரு மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தபின், ஏற்பு பெற்ற தேர்வில் தேறியவரே பதிவு பெறலாம் என்பதே பொது விதி. கல்வி விதிமுறைகளில் எவை இடம்பெறலாம் என்று கூறும் 10-ஆம் பிரிவின் சொற்றொடரை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். தேர்வுக்கு அனுமதிக்கப்படுவதற்கு முன் மேற்கொள்ள வேண்டிய படிப்பு, செய்முறைப் பயிற்சி ஆகியவற்றின் தன்மையும் காலமும் என்பது அதன் கருத்து. அனுபவம் இங்கே தேர்வுக்குரிய ஒரு முன்நிபந்தனையாகச் சுருங்கிவிட்டது.

கடல் கடந்த ஐந்தாண்டுகள்

மூடப்பட்ட கதவு மீண்டும் ஒருமுறை திறந்த நிகழ்ச்சி, தமிழர் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. அதனைச் சற்று விரித்துக் காண்போம்.

பர்மாவில் 1962-இல் படையாட்சி ஏற்பட்டு, 1964-இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. ரங்கூனிலும் பிற ஊர்களிலும் இருந்த இந்தியர் பெருந்தொகையாகக் கப்பலேறினர். அவருள் தமிழர் மிகப் பலர். அதே ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. இவ்வாறு திரும்பியோருள் வணிகர், கூலித் தொழிலாளர், கணக்கர் என்போரோடு மருந்துக் கடைகளிலும் மருந்தகங்களிலும் பணியாற்றியோரும் இருந்தனர். அவர்கள் கலந்த ஐந்தாண்டுகளும் பத்தாண்டுகளும் இந்தியப் பதிவேட்டின் எந்த உட்பிரிவிலும் அடங்கவில்லை. முதற் பதிவேட்டிற்கான நாள் கடந்துபோயிருந்தது. ஏற்பு பெற்ற தேர்வோ அவர்கள் எழுதாதது.

பாகிஸ்தானிலிருந்து வந்தவர்க்கு 1959-ஆம் ஆண்டுத் திருத்தம் 32-அ பிரிவின்வழி ஓரளவு வழி செய்திருந்தது. பர்மா, இலங்கை, உகாண்டா ஆகிய நாடுகளைப் பெயர் சுட்டிக் கூறும் 32-ஆ பிரிவு 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. இந்தியாவிற்கு வெளியே ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் பார்மசித் தொழிலைத் தம் முதன்மையான வாழ்வாதாரமாகக் கொண்டிருந்து, புலம்பெயர்ந்தோ தாயகம் திரும்பியோ வந்தவர் பதிவு பெறலாம் என்றது அது. முதற் பதிவேட்டிற்குத் தகுதியிருந்தும் அந்நாளில் விண்ணப்பிக்கத் தவறிய உள்நாட்டினர்க்கு 32-அ பிரிவு இடமளித்திருந்தது. இவ்வாய்ப்பு ஈராண்டுக் காலத்திற்கு மட்டுமே. மாநில அரசு விரும்பின் சில வகையினர்க்குச் சிறிது நீட்டிக்கலாம்.

1964-இல் கப்பலிலிருந்து இறங்கியவர்க்கு 1976-இல் கதவு திறந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் என்ன தொழில் செய்து பிழைத்தார் என்று சட்டம் கேட்கவில்லை. வேறு வேலை பழகிக்கொண்டவரும் இருந்திருப்பர். பிறர் பெயரில் உள்ள உரிமத்தின்கீழ்ப் பின்னறையில் நின்று கலந்தவரும் இருந்திருப்பர். சான்றுக்கு அவர் எங்குச் செல்வார் என்னும் வினா இங்கு முன்னினும் கூர்மையாகின்றது. கடை அரசுடைமையாயிற்று, முதலாளி எந்த ஊரில் இறங்கினாரோ தெரியாது, சீட்டெழுதிய மருத்துவர் வேறு நாட்டில். ஐந்தாண்டு உழைப்பு உண்மையாகவே நிகழ்ந்தது என்பதும், அதற்குத் தாள் இல்லை என்பதும் ஒருங்கே மெய்யாக இருக்கக்கூடும். அனுபவத்தைக் கையொப்பத்தின்வழி மட்டுமே காணத் தெரிந்த சட்டத்திற்கு இத்தகையோர் கண்ணில் படமாட்டார்.

பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாத எவரும் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கலக்கவோ வழங்கவோ கூடாது என்னும் 42-ஆம் பிரிவு 1948-ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. நாள் குறிக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டமையால் அது தள்ளிக்கொண்டே சென்று, நாடு முழுவதற்குமாக 1984-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து செயலுக்கு வந்தது. முப்பத்தாறு ஆண்டுகள்! மீறியவர்க்கு ஆறு திங்கள் சிறையோ ஆயிரம் ரூபாய் தண்டமோ இரண்டுமோ என மூலச்சட்டம் விதித்திருந்தது. இந்நீண்ட இடைவெளியே பதிவற்ற கம்பவுண்டர்கள் பலர் தம் வாழ்நாளை ஒருவாறு ஓட்டி முடிக்கத் துணைசெய்தது எனலாம்.

ஐந்நூறு மணி நேரம்

1991-ஆம் ஆண்டுக் கல்வி விதிமுறைகள் செய்முறைப் பயிற்சியைப் பற்றிக் கூறுவன ஊன்றிப் படிக்கத்தக்கன. பயிற்சி 500 மணி நேரத்திற்குக் குறையாமலும், மூன்று திங்களுக்குக் குறையாத காலத்தில் பரவியும் இருத்தல் வேண்டும். அவற்றுள் 250 மணி நேரமேனும் சீட்டுக்கு மருந்து வழங்கும் பணியிலேயே செலவாதல் வேண்டும். அரசு மருத்துவமனை, உரிமம் பெற்ற மருந்துக் கடை, உரிமம் பெற்ற மருந்து உற்பத்திக் கூடம் ஆகியவை பயிற்சிக்குரிய இடங்கள். சட்டப்படி வைக்க வேண்டிய பதிவேடுகள், கருவிகளைக் கையாளுதல், சீட்டைப் படித்தலும் படியெடுத்தலும் அளவைச் சரிபார்த்தலும், மருந்தைச் சேமித்தல் ஆகியவற்றில் மாணவர் பழகுதல் வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் மட்டும் உள்ள இடத்தில் இருவருக்கு மேல் பயிற்சி மாணவர் இருத்தலாகாது. கூடுதலாக உள்ள ஒவ்வொரு மருந்தாளுநர்க்கும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் கூறிய விதியே நம் பார்வையில் இவற்றுள் தலையாயது. ஏனைய யாவும் மணிக்கணக்கு. இது ஒன்றே ஒரு மனிதர் இன்னொரு மனிதரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுதலைப் பற்றியது. ஒருவர்க்கு இருவர் என்னும் அளவு பழைய கம்பவுண்டர் அறையின் அளவேயாகும். இவ்விதியை வகுத்தவர்கள் அவ்வறையை அறிந்தவர்கள் என்று தோன்றுகின்றது. ஆயினும் பட்டயக் கல்லூரிகள் பெருகியபோது, ஒரு கல்லூரியின் ஒரு வகுப்பு மாணவர் அனைவர்க்கும் இவ்விகிதத்தில் இடம் தேடுவது எளிதாக இருந்திருக்க இயலாது. கல்லூரித் தலைவர், பயிற்சியளிப்பவர், மாணவர் ஆகியோர் கையொப்பமிடும் படிவம் ஒன்று இதற்கென உண்டு. முடிவில் பயிற்சியளித்தவர் சான்றளிக்க வேண்டியது, இன்னார் இத்தனை மணி நேரம், இத்தனை திங்கள் பயிற்சி பெற்றார் என்பதாகும். கடைக்குச் செல்லாமலே கையொப்பம் பெறும் மாணவரைப் பற்றியும், பதிவுச் சான்றிதழைக் கடைகளுக்கு வாடகைக்கு விடும் மருந்தாளுநரைப் பற்றியும் இந்தியாவில் நெடுநாளாகக் குறை கூறப்பட்டு வருகின்றது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று உறவுடையவை என்பதே நம் கருத்து. கல்லாத ஐந்நூறு மணிக்குக் கையொப்பம் கிடைத்ததைக் கண்டு தொழிலுக்குள் வந்தவர், இல்லாத கடைக்குத் தம் பெயரைக் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் யாது?

பட்டப் படிப்பை நோக்கினால் வியப்பு மிகுகின்றது. 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளின்கீழ் அமைந்த நான்காண்டு இளநிலைப் பாடத்திட்டத்தில், ஆறாம் பருவத்திற்கும் ஏழாம் பருவத்திற்கும் இடையே நான்கு வாரங்களில் 150 மணி நேரப் பயிற்சி கேட்கப்பட்டது. அதனைத் தொழிற்கூடத்திலும் பெறலாம். 2008-இல் அறிமுகமான ஆறாண்டு பார்ம்.டி. படிப்பிலோ இறுதி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. 150 மணி, 500 மணி, ஓராண்டு என மூவகைப் பயிற்சி பெற்ற மூவரும் ஒரே பதிவேட்டில், ஒரே பெயரில் அமர்கின்றனர். மருந்துக் கடையில் நிற்க எவ்வளவு பழக்கம் வேண்டும் என்னும் வினாவிற்கு இந்தியச் சட்டத்திடம் ஒரே விடை இல்லை. பட்டயப் படிப்பிற்கு 2020-ஆம் ஆண்டு புதிய விதிமுறைகள் வந்தபோதும் ஐந்நூறு மணியும் மூன்று திங்களும் அப்படியே நின்றன. 2022-இல் வெளியேறும் தேர்வு ஒன்று விதிமுறையாயிற்று. படிப்பையும் பயிற்சியையும் முடித்தவர் பதிவுக்கு முன் அதில் தேறுதல் வேண்டும். கையொப்பத்தை நம்ப இயலாத நிலையில் தேர்வு வந்தது என்று இதனைப் படிக்கலாம். கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் அத்தேர்வு, புட்டியை ஒளியில் தூக்கிப் பிடிக்கும் பழக்கத்தை எவ்வாறு காணும் என்பது வேறு.

மலாயாவும் தோட்டத்து டிரசரும்

நம் நாட்டின் வழி சற்று வேறாக அமைந்தது. மலாயாவில் மருந்தாளுநர் பதிவுச் சட்டம் 1951-இல் வந்தது. நஞ்சுப் பொருள் சட்டம் 1952-இல். பின்னர் அமைந்த முறைப்படி, பட்டம் பெற்று வருபவர் முதலில் தற்காலிகப் பதிவு பெற்று ஓராண்டு பயிற்சி பெறுகிறார். அதன்பின்னரே முழுப் பதிவு. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி மூன்றாண்டுக் கட்டாயப் பொதுச்சேவையும் அதனோடு சேர்ந்தது. பின்னாளில் அது ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. இங்கே பயிற்சி மருந்தாளுநர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறார். அவர் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. இந்தியப் பட்டய மாணவரோ பயிற்சிக் காலத்தில் வெறும் மாணவர். தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பது அவரை வைத்துக்கொண்ட கடைக்காரரைப் பொறுத்தது. ஓராண்டு என்பதும் காலக்கணக்கே எனினும், ஐந்நூறு மணியைப் போல ஒரு விடுமுறைக்குள் அதனை மறைத்துவிட இயலாது.

ஆயின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு மருந்து கொடுத்தவர் இந்த மருந்தாளுநர் அல்லர். அவர் டிரசர். தோட்டத்து மருத்துவமனையில் காயத்திற்குக் கட்டுப் போட்டவரும், காய்ச்சலுக்குக் கலவை கொடுத்தவரும், இரவில் கதவைத் தட்டினால் விளக்கோடு எழுந்து வந்தவரும் அவரே. சென்று பார்க்கும் மருத்துவர் இன்றைக்கு வருவார், நாளைக்கு வரமாட்டார். டிரசர் எந்நாளும் இருப்பார். அவருடைய பயிற்சியும் பழைய கம்பவுண்டரின் பயிற்சியைப் போன்றதே: மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றது. 1965-இல் இயற்றப்பெற்ற தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் இவர்களுக்கென ஒரு தனிப் பதிவேட்டை உண்டாக்கியது. இந்தியா 1948-இல் கம்பவுண்டரை மருந்தாளுநர் பதிவேட்டிற்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. மலேசியா டிரசர்க்கு வேறொரு பதிவேட்டைத் திறந்தது. அப்பதிவு தோட்டத்து வேலைக்கு உரியது. அது அவரை மருந்தாளுநர் ஆக்கவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபோது, டிரசர்களின் அனுபவம் பதிவேட்டோடு தோட்டத்திலேயே தங்கிவிட்டது. நாம் அறிந்த முதியவர் ஒருவர், முப்பதாண்டுகளுக்கு மேல் டிரசராக இருந்தவர், ஓய்வுக்குப் பின் பட்டணத்து அடுக்குமாடி வீடொன்றில் மகனோடு வாழ்ந்து வந்தார். அக்கம்பக்கத்தார் மருத்துவமனையில் கொடுத்த மருந்துப் பைகளை அவரிடம் கொண்டுவந்து காட்டுவர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்து, எது உணவுக்கு முன், எது பின், எவையிரண்டை ஒரே நேரத்தில் விழுங்கலாகாது என்று சொல்லுவார். ஒருமுறை நாம் உடன் இருந்தபோது, ஒரு பையை மட்டும் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, இதை இன்றைக்கே மருந்துக் கடைக்குக் கொண்டுபோய் அங்கிருக்கும் பிள்ளையிடம் காட்டிக் கேளுங்கள் அம்மா, அளவு கூடுதலாக இருப்பதுபோல் தெரிகிறது, என்றார். நீங்களே சொல்லக்கூடாதா ஐயா, என்று அந்த அம்மாள் கேட்டார். எனக்கு அதற்குப் பதிவு இல்லையே, என்று சிரித்துக்கொண்டே பையைத் திருப்பிக் கொடுத்தார்.